அன்னவாசலிலிருந்து சுடுதளம் எவ்வளவு தூரம்?

பங்குனி பிறந்தால் புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக் கடைகள் முளைத்துவிடும். வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம், அதற்கு அடுத்தாற்போல் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டிய ஏர்கன் கடை. பையன்கள் முண்டியடித்து நிற்பார்கள். பெண்பிள்ளைகள் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார்கள். அன்னவாசல், இலுப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பழக்கம் அந்தக் கடையோடு முடிந்துபோகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக டிராப் சுட்டவர் ஒருவர் இதே மாவட்டத்துக்காரர். பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தின் வாரிசு. 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம் எடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து இருவரோடும் சேர்ந்து அணித் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 125க்கு 118 எடுத்து 21ஆம் இடத்தில் முடித்தார். அரண்மனையிலிருந்து ஒருவர் போன பாதையில் அன்னவாசல் அரசுப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை போக முடியுமா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி. முடியும் என்பது என் கட்சி. ஆனால் பள்ளி அணி என்று ஓர் ஏற்பாடு இல்லாமல் முடியாது என்பதும் அதே கட்சியின் மறுபாதி.

டிராப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தரைக்குக் கீழே ஒரு பள்ளம். அதிலிருக்கும் எந்திரம் ஒரு தட்டை வானத்தில் வீசும். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. (பறக்கும் தட்டு என்று தலைப்பு வைத்திருந்தால் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பதிவு என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள்.) களிமண் தட்டு என்று பேர்தானே தவிர அதில் களிமண் கிடையாது, தார் மாதிரியான பிசினும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்து வார்த்தது. சுடுபவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு குரல் கொடுப்பார். குரல் கேட்ட கணத்தில் தட்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அவரைவிட்டு விலகிப் பறக்கும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு விநாடிக்குள் பார்த்து, தொடர்ந்து, சுட்டாக வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஐந்து ரவுண்டு, ஆக 125. அந்தக் காலத்தில் கூண்டிலிருந்து உயிருள்ள புறாவைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அப்படி ஒரு போட்டி நடந்தது. டிராப் என்ற பேர் அந்தக் கூண்டின் மிச்சம். புறா போய்த் தட்டு வந்தது. ஆட்டத்துக்கு அதுவே பெரிய புண்ணியம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைத்தான் கைகாட்ட வேண்டும். அங்கே ஒரு சுடுதளத்தில் வருகிறவர்கள் எல்லோரும் தலை நரைத்தவர்களாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஜிம் சேபிள் என்பவர், 2001இல் மூன்று பள்ளிகளைச் சேர்ந்த முப்பது மாணவர்களோடு ஒரு லீக் தொடங்கினார். இன்று அது பல மாநிலங்களுக்குப் பரவி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பல்லாயிரம் பிள்ளைகள் ஆடும் பள்ளி விளையாட்டாகிவிட்டது. அந்த லீக்கின் அளவைவிட அது கட்டப்பட்டிருக்கும் விதம்தான் என்னைக் கவர்ந்தது. துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்காத பிள்ளை அணியில் சேர முடியாது. சுடுவது ஊரிலிருக்கும் தளத்தில்; பள்ளி வளாகத்தில் கிடையாது. அணியில் இருப்பவர்கள் எல்லோரும் சுடுவார்கள். பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே அணி. ஒவ்வொரு அணியும் தன் ஊர்த் தளத்திலேயே சுட்டு மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்றிவிடும். மற்ற அணிகளோடு ஒப்பிடுவது அங்கேதான். நம் ஊர்ப் பள்ளிகளில் போட்டி என்றால் முதல் தலைவலி வண்டிச் சத்தம். அது இல்லாமல் ஒரு லீக்கே நடத்தலாம் என்பது சாதாரண விஷயமா? இன்னொன்று: அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது அமெரிக்க டிராப். ஒலிம்பிக் டிராப்புக்குப் பள்ளத்தில் பதினைந்து எந்திரம் வேண்டும். அமெரிக்க முறைக்கு ஒன்று போதும். தட்டுக்கு ஒரு தோட்டாதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. செலவு கணிசமாகக் குறையும். கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கும் பயிற்சி குறையாது.

அமெரிக்காவில் நடக்கிறது, இங்கே சட்டம் விடுமா? விடும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் அதே சட்டம் பயிற்சிக்கு விலக்கு அளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 12 வயது நிரம்பிய பிள்ளை வயதுவந்த பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில் இலக்குச் சுடுதல் பழகலாம் என்கின்றன. வைத்திருப்பது வேறு, பழகுவது வேறு என்று சட்டமே பிரித்துவிட்டது. என் வாதம் முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. இதற்கு முந்தைய படிகளும் தயாராக இருக்கின்றன. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு ஆகும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் அது ஏற்கெனவே ஒரு பிரிவு. அதற்கு அடுத்த படி என்சிசி. 1948 முதல் இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் .22 ரைஃபிளைப் பிடித்துச் சுடக் கற்றுவருவது என்சிசியில்தான். காக்கி உடுப்பில் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை குப்புறப் படுத்து ரைஃபிள் சுடும்போது யாரும் ஆட்சேபிப்பதில்லை. விளையாட்டு என்று பேர் மாறியவுடன் நெற்றி சுருங்குவானேன்? ஏர் ரைஃபிளில் ஓராண்டு, என்சிசியில் ஓராண்டு, அதன்பிறகு டிராப்புக்கான ஷாட்கன் என்று வரிசை வைத்தால், பன்னிரண்டு போர் துப்பாக்கியின் உதையைத் தாங்கும் தோளும், விசையில் விரல் வைக்கும் நேரம் எது என்ற ஒழுக்கமும் ஒன்றாக வந்து சேரும். தளத்துக்கும் எங்கோ போக வேண்டியதில்லை. புதுக்கோட்டையின் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் மாநில அளவிலான ஷாட்கன் போட்டிகளை நடத்தியிருக்கிறது. பல மாவட்டத் தலைநகரங்களுக்கு இல்லாத வசதி நம் காலடியில் கிடக்கிறது.

இனி ஆட்சேபங்கள். எல்லோரும் முதலில் சொல்வது: இது பணக்காரர் ஆட்டம். சரித்திரத்தைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் சாட்சி அதிகம். 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப்பில் வெள்ளி எடுத்தவர் பிக்கானேர் மன்னர் கர்ணி சிங். ஐந்து ஒலிம்பிக் கண்டவர். 1978 ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்த ரண்தீர் சிங் பாட்டியாலா குடும்பம். அவர் மகள் ராஜேஸ்வரி குமாரி பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார். பிக்கானேர், பாட்டியாலா, புதுக்கோட்டை என்று பழைய சமஸ்தானங்களின் பட்டியல் மாதிரியே இருக்கிறது. காரணம் ரத்தத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. நல்ல டிராப் துப்பாக்கி பல லட்சம். ஒரு தோட்டா விலையில் இரண்டு டீயும் இரண்டு வடையும் சாப்பிடலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் ஒரு காலைப் பொழுதிலேயே நூறு தோட்டாவைத் தாண்டிவிடுவார். போதாக்குறைக்கு, வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யத் தேசியப் போட்டியில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டுத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மதிப்பெண் எடுக்கத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கி வாங்க மதிப்பெண் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். அப்பா வீட்டுத் துப்பாக்கியை எடுத்துப் பழகக்கூடிய பிள்ளைக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் இதே ஆட்டத்தில் வேறு வழியாக வந்தவர்களும் இருக்கிறார்கள். 2018இல் சாங்வோன் உலகப் போட்டியில் ஜூனியர் மகளிர் டிராப்பில் வெள்ளி வென்ற மனிஷா கீர், போபால் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். மத்தியப் பிரதேச அரசு போபாலில் நடத்தும் சுடுதல் அகாடமி, ஆளெடுப்புத் தேர்வில் அவரைக் கண்டுபிடித்துத் துப்பாக்கியும் தோட்டாவும் பயிற்சியும் கொடுத்தது. இட்டார்சியைச் சேர்ந்த பிரீத்தி ரஜக்கின் அப்பா சலவைக் கடை வைத்திருந்தவர். பிரீத்தியும் அந்த அகாடமியின் வார்ப்புதான். பிறகு ராணுவத்தில் ஹவில்தாராகச் சேர்ந்தார். ஹாங்சோவில் மகளிர் டிராப் அணிக்கு வெள்ளி கிடைத்தபோது மேடையில் நின்ற மூவர் இந்த இருவரும் ராஜேஸ்வரி குமாரியும். மீனவர் மகள், சலவைக் கடைக்காரர் மகள், பாட்டியாலா இளவரசி. மூவரும் சுட்டது ஒரே தட்டை. மூவர் கழுத்திலும் விழுந்தது ஒரே வெள்ளி. 2024 ஜனவரியில் பிரீத்தி இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். ஓர் அரசு கொஞ்சம் பணமும் பிடிவாதமும் வைத்தால் பணக்காரர் ஆட்டம் யார் ஆட்டமாகவும் மாறும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. நம் கணக்கையும் பார்ப்போம். ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், வளர்ந்து பழகியது அகமதாபாத்தில். கடலூரிலேயே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? கெட்டிக்காரப் பெண்ணாக ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்திருப்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபத்தை யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. நார்த்தாமலை என்று சொன்னால் போதும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அன்னவாசலில் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டுப் பற்றிப் பேசுகிறவன் இந்தச் சாவைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது இயற்பியல். ராணுவ ரைஃபிளின் குண்டு ஒற்றைக் குண்டு. தடுக்க மலையோ மேடோ இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். டிராப் தோட்டாவில் இருப்பது 24 கிராம் பொடி ரவை. பால்ரஸ் என்று நம் பக்கம் சொல்வோமே, அதிலும் சிறியது. ஒரு தோட்டாவில் ஏறத்தாழ முந்நூறு. காற்று அதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். இருநூறு, இருநூற்றைம்பது மீட்டருக்குள் உதிர்ந்துவிடும். அதனால்தான் டிராப் தளத்துக்கு முன்னால் முந்நூறு மீட்டர் வெற்று நிலம் இருந்தால் பாதுகாப்பு வளையம் முழுமையாகிறது. ரைஃபிள் தளத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது. இரண்டாவது, முக்கியமானது: நார்த்தாமலை நமக்குச் சொன்னது துப்பாக்கி ஆகாது என்பது மட்டும்தானா? தளம் எங்கே இருக்க வேண்டும், எந்தத் திசையில் சுட வேண்டும், சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு தூரத்துக்கு வீடு இருக்கக் கூடாது என்பதை ஊர்க்காரர்களும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னது. படைகளின் தளத்துக்குள் ஊராட்சித் தலைவர் போய்க் கேள்வி கேட்க முடியாது. தன் பிள்ளை சுடப் போகும் தளத்தைப் பெற்றோர் நடந்து அளந்து பார்க்கலாம். பள்ளி அணி இருந்தால் ஐம்பது பெற்றோரின் கண் அந்தத் தளத்தின் மேல் இருக்கும். எந்த ஆய்வாளரின் கண்ணைவிடவும் அது கூர்மையானது.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு உண்மையிலேயே கனமானது. அமெரிக்காவைப் பாருங்கள், பள்ளியில் துப்பாக்கிப் பழக்கம், பள்ளியிலேயே துப்பாக்கிச் சூடு என்பார்கள். 2020 முதல் அமெரிக்கப் பிள்ளைகளும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி என்று அந்த நாட்டு அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. இதை மழுப்ப முடியாது. ஆனால் அந்தச் சாவுகளுக்கு மூலம் வீட்டு அலமாரியில், தலையணைக்கு அடியில், கார் டாஷ்போர்டில் கிடக்கும் துப்பாக்கி. கொலை, தற்கொலை, குழந்தை எடுத்து விளையாடி நேர்ந்த விபத்து, எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதில் தொடங்குகின்றன. ஆகவே அந்த லீக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பயிற்சி முறையை. எடுக்கவே கூடாதது, பிள்ளைக்கு அப்பா துப்பாக்கி வாங்கித் தரும் வழக்கத்தை. நம்மிடம் இதற்கு வேறு மரபு இருக்கிறது: என்சிசி ரைஃபிள் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போனதில்லை. பூட்டிய ஆயுத அறையிலிருந்து கணக்கெழுதி எடுத்து, சுட்டு, சுத்தம் செய்து, கணக்கெழுதித் திரும்ப வைக்கிறார்கள். வெற்றுத் தோட்டாக்கூட எண்ணப்படுகிறது. டிராப் அணிக்கும் இதேதான் சட்டமாக இருக்க வேண்டும். துப்பாக்கி தளத்தின் சொத்து. பிள்ளை அதனிடம் போகலாம். அது பிள்ளையின் வீட்டுக்கு ஒருநாளும் வரக் கூடாது.

இதே இடத்தில் இன்னொரு பயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். வேங்கைவயல் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட ஊர் அது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் இளைஞர் கையில் துப்பாக்கி கொடுப்பதா என்று ஒருவர் கேட்டால் அவரைக் கோழை என்று சொல்லமாட்டேன். சாதி எங்கே இருக்கிறதோ அங்கே சங்கமும் கிளப்பும் சாதியாகவே உருவெடுக்கும். உறுப்பினர் சேர்க்கை சிபாரிசில் நடந்தால் யார் உள்ளே இருப்பார்கள், யார் வாசலில் நிற்பார்கள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியார் கிளப்பாக அல்லாமல் பள்ளி அணியாக இது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுதான். பள்ளியில் வருகைப்பதிவேடு இருக்கிறது, தலைமையாசிரியர் இருக்கிறார், கேள்வி கேட்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஏர் ரைஃபிளில் திறந்த தேர்வு வைத்து, யார் மதிப்பெண் எடுத்தாலும் அணியில் இடம் என்றால், தட்டு யார் வீட்டுப் பிள்ளை சுட்டது என்று பார்த்து உடையாது. நடத்தை சரியில்லாதவரை அணியிலிருந்து நிறுத்தும் அதிகாரமும் பள்ளிக்கு உண்டு. ஆயுதம் தன் பிறப்பால் வந்த உரிமை என்று நினைத்துக்கொண்டு வருகிற பையனுக்கு, ‘குழலைத் தரையைப் பார்த்துப் பிடி, உன் முறை வரும் வரை தோட்டா போடாதே’ என்ற முதல் பாடமே பெரிய வைத்தியம். பக்கத்தில் நின்று அவனுக்கு மதிப்பெண் எழுதுவது காலனிப் பிள்ளையாக இருந்தால் வைத்தியம் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

ஈயத்தைப் பற்றி டிராப் ஆர்வலர்கள் வாய் திறப்பதில்லை. திறக்க வேண்டும். இருபது பிள்ளைகள், வாரம் ஒரு ரவுண்டு, பத்து வாரம் என்று வைத்தால் ஐயாயிரம் தோட்டா. தோட்டாவுக்கு 24 கிராம் என்றால் ஒரு பருவத்தில் 120 கிலோ ஈயம் மண்ணில் விழும். மூளை வளரும் வயதில் ஈயம் விஷம் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களாலும் ஊருணிகளாலும் உயிர் வாழ்வது. ஒரு கண்மாய்க்கு வரும் வரத்துவாரி தளத்தின் வழியாக ஓடினால் அந்தத் தளத்தை அங்கே வைக்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் ஈய ரவையைத் தடைசெய்திருக்கிறது. ஒலிம்பிக் விதிக்குக் கட்டுப்படாத பள்ளி லீக் இரும்பு ரவைத் தோட்டாவில் தொடங்கலாம். அது கிடைக்காத வரை விழுந்த ஈயத்தை மண்ணிலிருந்து சலித்து எடுப்பதைத் தளத்தின் வருடாந்தர வேலையாக விதிக்க வேண்டும். ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் விலை இருக்கிறது, ஆகவே எடுக்க ஆள் கிடைக்கும். பிள்ளைகள் சுட்டுவிட்டுக் கைகழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக் கூடாது என்பது இன்னும் சின்ன விதி. ஆனால் முதல் நாளே சொல்ல வேண்டியது.

கடைசியாக, ‘கபடிக்கே மைதானம் இல்லை, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி, இதில் துப்பாக்கியா?’ என்பவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. எல்லாப் பள்ளிக்கும் டிராப் அணி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது அசட்டுத்தனம். இலுப்பூர், அன்னவாசல் சுற்றியுள்ள பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் அணி போதும். உயரமும் வேகமும் இல்லாததால் எந்த ஆட்டத்திலும் இடம் கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் இடம் உண்டு என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கட்டும். கண், பொறுமை, மூச்சு, இவைதான் முதல். பெண்பிள்ளைகளுக்கு இதில் எந்தக் குறையும் கிடையாது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து சுட்ட ஸ்கீட் போட்டியில் (அதுவும் பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டம்தான்) தங்கம் வென்றவர் சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண். சிறிய ஊர் என்பதும் சாக்கு ஆகாது. சுமார் 34,000 பேர் வாழும் சான் மரினோ நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் பதக்கம் கிடைத்ததே டிராப்பில்தான். டோக்கியோவில் அலெஸாண்ட்ரா பெரில்லி வாங்கிய வெண்கலம். அன்னவாசல் ஒன்றியத்தில் அதைவிடப் பல மடங்கு மக்கள் இருக்கிறார்கள்.

பழக்கமில்லாதது என்பதைத் தகாதது என்று முடிவுகட்டுவதில் புதுக்கோட்டைக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது டீக்கடை பெஞ்சில் கேலிக்குக் குறைவில்லை. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நேரம். பல்லாயிரம் பெண்கள் பெடல் மிதித்தார்கள், கேலி அடங்கிவிட்டது. இன்றைக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பேத்தி இலவசச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். ஆபத்து என்ற வாதத்துக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. ஜல்லிக்கட்டு ஆபத்தானது, தடைசெய் என்றபோது நாம் என்ன சொன்னோம்? விதி வை, இரட்டைத் தடுப்பு கட்டு, மருத்துவர் நிற்கட்டும், மாட்டையும் வீரரையும் பரிசோதி, ஆனால் ஆட்டத்தை நிறுத்தாதே என்றோம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. வாடிவாசலுக்குப் பொருந்தும் நியாயம் சுடுதளத்துக்குப் பொருந்தாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். இத்தனைக்கும் வாடிவாசலில் காளை நம் சொல் கேட்காது. தளத்தில் துப்பாக்கி யார் கையில், எந்தத் திசையில், எப்போது தோட்டாவோடு என்பது முழுக்கவும் மனிதர் கட்டுப்பாட்டில்.

அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் கோரிக்கை பெரிதல்ல. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். பள்ளிக்கு இரண்டு ஏர் ரைஃபிள் வாங்க முடியுமா? என்சிசி இல்லாவிட்டால் விண்ணப்பம் போட்டாயிற்றா? புதுக்கோட்டைத் தளத்தை மாதம் ஒரு சனிக்கிழமை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகக் கடிதம் எழுதலாமா? மூன்றாவது கேள்விக்கு ‘பிள்ளைகளுக்கு வயது போதாது’ என்று யாராவது பதில் சொன்னால் விதியை எடுத்துக் காட்டுங்கள். விதி கேட்கும் வயது பன்னிரண்டு. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வயது ஆகிவிட்டது.